ஆறு மில்லிமீட்டரில் ஐந்து அடுக்கு

பிளைவுட் கடைக்குப் போனால் பலகையின் முகத்தைப் பார்க்காதீங்க, ஓரத்தைப் பாருங்க! இதைச் சொல்வதற்காகவே தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் பிடித்து உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூட இதைத்தான் பேசினேன், அவரும் பாயசம் வரும்வரை ஆர்வமாகக் கேட்டார். முகம் என்பது மேலே ஒட்டின ஒரு மெல்லிய தோல், அது எவ்வளவு வேண்டுமானாலும் பளபளக்கட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்கிற விஷயம் மொத்தமும் ஓரத்தில்தான் இருக்கிறது. நல்ல பிர்ச் பிளைவுட்டின் ஓரத்தை ஒரே ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டீர்கள் என்றால், அதற்கப்புறம் நீங்களும் என் கட்சி.

ஓரம் எனக்கு இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் என் ஸ்க்ரோல் சா, அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மேசை மேல் வைக்கிற சின்ன மெஷின். மேல் கைக்கும் கீழ் கைக்கும் நடுவில் ஐந்து அங்குல நீளத்துக்கு ஒரு பிளேடு விறைப்பாக நிற்கும், அதன் அகலம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், சுவிட்சைத் தட்டினால் நிமிஷத்துக்கு 400-லிருந்து 1,600 தடவை வரை மேலும் கீழும் ஓடும். பிளேடு இடம் மாறாது, இரண்டு கையாலும் பலகையைத் திருப்பித் திருப்பிக் கோட்டின் மேலேயே ஓட்டுவது நம் வேலை. பலகையில் பொடியாக ஒரு ஓட்டை போட்டு, பிளேடை ஒரு முனையில் கழற்றி அதற்குள் நுழைத்து மறுபடி மாட்டிவிட்டால், வெளி ஓரத்தைத் தொடாமலே உள்ளே ஜன்னல் ஜன்னலாக வெட்டி எடுக்கலாம். பூ வேலை, தமிழ் எழுத்து, கடிகாரக் கூடு, குழந்தைகளுக்குப் படப்புதிர் என்று எது வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் இத்தனை மெல்லிய பிளேடு பலகைக்குள் நடப்பதையெல்லாம் விரல் நுனிக்குக் கொண்டுவந்து சொல்லிவிடும், அதனிடம் எதையும் மறைக்க முடியாது, அங்கேதான் பலகையின் தரம் உயிர் போகிற விஷயமாகிறது.

நம்மூரில் வீட்டு வேலைக்கு வாங்குகிற பிளைவுட் அதன் வேலைக்கு அருமையான சரக்கு, அதை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். செக்கச்செவேல் என்று கர்ஜன் முகம், உள்ளே பாப்லரோ யூக்கலிப்டஸோ ரப்பர் மரமோ, மேலே ஐ.எஸ். 303 அல்லது மரைன் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை. அலமாரி அடித்து மைகா ஒட்டினால் தலைமுறைக்கு நிற்கும். ஆனால் உள்ளே கோர் பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் சேர்கிற இடத்தில் அங்கங்கே கேப் விழுந்திருக்கும், மைகா அடியில் அது யாருக்கும் தெரியாது, யாரையும் தொந்தரவு பண்ணாது. ஸ்க்ரோல் சாவில் தெரியும்! பிளேடு மரத்தை மென்றுகொண்டே போய் அந்தக் கேப்புக்குள் ‘டக்’கென்று விழும், பலகை கையில் துள்ளும், கோடு விலகும், வைக்கோல் கனத்துக்கு விட்டுவைத்த பாலம் அந்தக் கேப்பின் மேல் அமைந்துவிட்டால் கையோடு உதிரும். மேல் வெனீரும் அநியாயத்துக்கு மெல்லிசு, உப்புத்தாளை நாலு இழுப்பு அழுத்தி இழுத்தால் சிவப்பு போய் உள்ளே இருக்கிற வெளுப்பு எட்டிப் பார்க்கும். முத்திரை பிசின் தண்ணீரைத் தாங்குமா என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது, பொடி வேலைக்கு உள்ளே எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை ஓரம்தான் சொல்லும்.

சரி, இப்போது என்னோடு வாங்க. சென்னையில் பெரியமேடு பக்கம் சைடன்ஹாம்ஸ் ரோடு. இரண்டு பக்கமும் பிளைவுட், மைகா, வெனீர், கைப்பிடி, கீல் என்று கடை கடையாக இருக்கும், குட்டியானை வண்டிகள் பலகை ஏற்றிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நிற்கும், காற்றில் மரத்தூளும் பிசினும் கலந்து ஒரு வாசனை. எனக்கு அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே நடை வேகமாகிவிடும்.

“என்ன வேலைக்கு சார்? கிச்சனா, வார்ட்ரோபா?”

“ரெண்டும் இல்லண்ணே. பொடி வேலை, ஸ்க்ரோல் சால அறுக்கணும். பிர்ச் இருக்கா?”

கடைக்காரப் பெரியவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். “பிர்ச்சா? இருங்க, உள்ள இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பையனைக் கூப்பிட்டார். இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நம் பிளைவுட் எட்டடிக்கு நாலடி, நீளமாக வரும், இது சதுரம்! ஐந்தடிக்கு ஐந்தடி, 1,525 மில்லிமீட்டர் சதுரம், பால்டிக் கடலோரத்து ஆலைகளின் பழைய அளவு. வெண்ணெய் நிறம். பெரியவர் ஓரத்தை உள்ளங்கையால் ஒரு தடவு தடவித் தூசியைத் துடைத்துவிட்டு, “ஒரு கேப் காட்டுங்க சார், பார்ப்போம்” என்றார்.

நான் விடுவேனா? மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாலு ஓரத்தையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் பலகையில் ஐந்து அடுக்கு. வெளிச்சத்தில் ஒன்று வெளுப்பாக, அடுத்தது ஒரு சாயல் கருப்பாக, மறுபடி வெளுப்பாக, புது நோட்டுப் புத்தகக் கட்டின் ஓரம்போல அப்படி ஒரு நேர்த்தி. சாயல் மாறுவது மரம் மாறுவதால் இல்லை, ஒரே மரம்தான், ஒரு அடுக்கில் நார் நீளவாக்கில் தெரிகிறது, அடுத்ததில் நாரின் வெட்டுமுனை தெரிகிறது, அவ்வளவுதான். நாலு ஓரமும் சுற்றி வந்து எழுந்தேன். ஒரு கேப் இல்லை! ஒன்றுகூட இல்லை! சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது, அந்த ஓரத்தில் கட்டைவிரலை வைத்து இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தடவினேன், குனிந்து மோந்துகூடப் பார்த்தேன், கடைப் பையன் சிரித்தான், நானும் சிரித்தேன், அந்த நிமிஷம் அப்படிப்பட்ட நிமிஷம்.

ஏன் இவ்வளவு குதிக்கிறேன் என்று கேளுங்க. பிர்ச் வடக்குக் குளிர் நாடுகளின் மரம். பின்லாந்து, லாட்வியா, எஸ்டோனியா, ரஷ்யா என்று அந்தப் பக்கத்துக் காடுகளில் ஏராளம். மெதுவாக வளரும், நுண்துளைகள் மரம் முழுக்கப் பரவலாக ஒரே சீராக இருக்கும், அதனால் பிளேடுக்கு ஒரு இடம் கல்லாகவும் ஒரு இடம் பஞ்சாகவும் தட்டாது. அந்தக் கட்டையை லேத்தில் மாட்டிச் சுழலவிட்டு, நீளக் கத்தியால் ஒரே விரிப்பாக உரித்து எடுக்கிறார்கள், ஒவ்வொரு வெனீரும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அதை ஒன்றின் நாருக்குக் குறுக்கே அடுத்ததன் நார் வருகிற மாதிரி அடுக்கிப் பிசின் போட்டு அழுத்துகிறார்கள். 6 மில்லிமீட்டருக்கு 5 அடுக்கு, 9-க்கு 7, 12-க்கு 9, 18-க்கு 13! எப்போதும் ஒற்றைப்படைதான், நடு அடுக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பு சமமாக இருந்தால்தான் பலகை முறுக்காது. நடுவிலும் பிர்ச், ஓரத்திலும் பிர்ச், அடி முதல் முகம்வரை பிர்ச். முகத்துக்கு ஒரு மரம், வயிற்றுக்கு ஒரு மரம் என்கிற பேச்சே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்க, என்னை மயக்கினதே இதுதான். தனி மரப் பலகையில், தேக்கோ பூவரசோ எதுவாகவும் இருக்கட்டும், நாரின் வாக்கில் மெல்லிய கம்பியாக வெட்டினால் தாங்கும், நாருக்குக் குறுக்கே அதே கனத்தில் வெட்டினால் பட்டென்று ஒடியும். கோடு நேராகவே போனால் சமாளிக்கலாம், வளைந்து வளைந்து போகிற கோடாக இருந்தால் ஏதாவது ஒரு இடத்தில் குறுக்கே வந்துதான் தீரும். நடுவில் தடியாக ஒரு கோரும் மேலும் கீழும் காகிதக் கனத்தில் முகமும் வைத்த மூன்றடுக்குப் பலகையிலும் இதே சங்கடம்தான், பலம் பூராவும் நடு அடுக்கின் வாக்கிலேயே இருக்கும். ஐந்து அடுக்குப் பிர்ச்சில் மூன்று அடுக்கு இந்த வாக்கு, இரண்டு அடுக்கு அந்த வாக்கு, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கனம். கோடு எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே ஓட நார் இருக்கிறது!

தரப் பெயர்கள் கேட்டால் பயந்துவிடாதீங்க. பி, பிபி, சிபி, சி என்று முகத்துக்கு முகம் தரம் போடுகிறார்கள், முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, ‘பி/பிபி’ என்றால் ஒரு பக்கம் பி, மறுபக்கம் பிபி. பி முகம் சுத்தமாக இருக்கும், மிஞ்சினால் ஊசிக் கணு. பிபி முகத்தில் கணு இருந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு அங்கே நீள்வட்டத்தில் வேறு வெனீர் ஒட்டு வைத்திருப்பார்கள், அதை அவ்வளவு கச்சிதமாக வைத்திருப்பார்கள், பார்க்கவே அழகு. சிபியும் சியும் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு. சுவரில் மாட்டுகிற பெரிய படம், ஒரே விரிப்பாக வேண்டும் என்றால் பி முகம் கேளுங்க. கையகலப் பொம்மை, சாவிக்கொத்து, தோரணத் துண்டு என்றால் பிபி தாராளம், ஒட்டு இருக்கிற இடத்தைத் தவிர்த்து மாதிரித் தாளை நகர்த்தி ஒட்டிக்கொண்டால் போயிற்று. நான் ஒட்டு வருகிற இடத்தை வேண்டுமென்றே சூரியனாக்கி ஒரு மலைக்காட்சி வெட்டினேன், பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த நீள்வட்டத்தைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

கடையில் ‘பிர்ச்’ என்று சொன்னதும் தலையாட்டிவிடக் கூடாது. மேலே மட்டும் பிர்ச் வெனீர், உள்ளே பாப்லர் என்று ஒரு வகையும் வருகிறது, முகத்தைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், வித்தியாசமே தெரியாது. அதற்குத்தான் ஓரம்! முகத்து அடுக்கு நூல் கனத்திலும் உள் அடுக்குகள் தடித்தடியாகவும் இருந்தால் அது நாம் தேடி வந்தது இல்லை. தூக்கிப் பார்த்தாலும் தெரியும், முழுப் பிர்ச் ஒரு கன மீட்டருக்கு 680 கிலோ அளவில் வரும், ஐந்தடிச் சதுரம் 6 மில்லிமீட்டர் என்றால் ஒன்பது கிலோவைத் தாண்டும், பாப்லர் வயிறு வைத்தது கைக்கு லேசாக இருக்கும். அப்புறம் விரல் முட்டியால் பலகை பூராவும் தட்டிக்கொண்டே போங்க, ஒரே சத்தமாக வர வேண்டும், ஒரு இடத்தில் மட்டும் தொளதொளத்தால் அங்கே உள்ளே காற்று இருக்கிறது. ஒரு மூலையில் கண்ணை வைத்து ஒட்டினாற்போல எதிர் மூலையைப் பாருங்க, விளிம்பு நேர்கோடாக ஓட வேண்டும். ஸ்க்ரோல் சா மேசையில் பலகை தட்டையாகப் படியாவிட்டால் பிளேடோடு சேர்ந்து அதுவும் மேலும் கீழும் ஆடும். வெட்டின துண்டு ஒன்று மூலையில் கிடந்தால் கேட்டு வாங்கிக் கையால் ஒடித்துப் பாருங்க. நல்ல பிர்ச் லேசில் ஒடியாது, ஒடிந்தாலும் நார் நாராகக் கிழியும், அடுக்கு அடுக்காகப் பிரியாது. நான் கேட்டதும் பெரியவர் சந்தோஷமாகவே ஒரு துண்டைக் கொடுத்தார், முழங்காலில் வைத்து மல்லுக்கட்டியும் அது வளைந்ததே தவிர விடவில்லை, அவர் முகத்தில் பெருமையைப் பார்க்கணுமே!

பிசினில் இரண்டு வகை. வீட்டுக்குள் வைக்கிற பொருளுக்கான பிசின் வெளுப்பு, ஓரத்தில் கோடே தெரியாது. ஈரம் தாங்குகிற ஃபீனால் பிசின் கரும்பழுப்பு, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மை தொட்டுக் கோடு இழுத்த மாதிரி தெரியும். எனக்கு இரண்டும் பிடிக்கும், கடிகாரக் கூட்டுக்கு அந்தக் கருங்கோடு வேண்டும் என்றே தேடி வாங்குவேன். எந்தப் பிசினாக இருந்தாலும் பிளேடின் கூரைத் தனி மரத்தைவிடச் சீக்கிரம் தின்னும், அதனால் என்ன, பிளேடை டஜன் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி வெட்டுகிற கதை. ஐந்தடிச் சதுரத்தை அப்படியே மெஷினில் நுழைக்க முடியாது, 16 அங்குல மெஷின் என்றால் பிளேடிலிருந்து பின் கழுத்துவரை 16 அங்குலம்தான் இடம். அதனால் கடையிலேயே பதினைந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான சதுரங்களாக அறுத்துத் தரச் சொன்னேன். ஒரு பலகைக்குப் பதினாறு துண்டு, சேதாரமே இல்லை, ஐந்தடிச் சதுரத்தின் அருமை அங்கே புரிந்தது! ஒவ்வொரு துண்டாக அறுபட்டு விழ விழ ஓடிப்போய்ப் புது ஓரத்தைப் பார்த்தேன். பலகையின் நடு வயிற்றிலும் கேப் இல்லை.

கற்பனை பண்ணிப் பாருங்க. மத்தியானம், ஜன்னலோர மேசை, துண்டின் மேல் முழுக்கப் பேக்கிங் டேப் ஒட்டியாயிற்று, டேப் இருந்தால் பிளேடு சூடேறி மரத்தைக் கருக்காது. டேப்புக்கு மேல் ஒரு சிக்குக் கோலம், ஏழு புள்ளியில் தொடங்கி இடுக்குப்புள்ளி ஒன்றில் முடிகிறது, கோட்டின் அகலம் நாலு மில்லிமீட்டர், அந்தக் கோடு மட்டும்தான் மிஞ்ச வேண்டும், மற்ற இடமெல்லாம் வெட்டி எறிய வேண்டும். சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியையும் கோடு சுற்றிக்கொண்டு போகும் இல்லையா, அந்தப் புள்ளிதான் ட்ரில் இறங்குகிற இடம்! பாட்டி மாவில் வைத்த புள்ளி எங்கேயோ அங்கேயே ஒன்றரை மில்லிமீட்டர் ட்ரில்லை இறக்கினேன், சுருள் சுருளாக வெண்தூள் மேலே வந்தது. மூன்றாம் நம்பர் பிளேடு, கீழ்ப் பக்கம் சில பற்கள் தலைகீழாக நிற்கிற வகை, அது மேலே வரும்போது அடியில் இருக்கிற சிலும்பையும் அறுத்துக்கொண்டு வரும். பிளேடைப் புள்ளிக்குள் நுழைத்து மாட்டி, திருகி விறைப்பேற்றி, விரலால் சுண்டினேன், ‘டிங்’. சுவிட்ச்.

அய்யோ, அந்த முதல் அரை அங்குலம்! பிளேடு உள்ளே இறங்கினது தெரியவே இல்லை, முனகல் இல்லை, உதறல் இல்லை, ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சுருதி, கையில் மெல்லிய அதிர்வு, அதுவும் ஒரே அளவில், கோடு வலப்பக்கம் வளைந்தது, பலகையைத் திருப்பினேன், வளைந்தது, நாருக்குக் குறுக்கே போனது, அதே சுருதி, நாரோடு போனது, அதே சுருதி, எங்கேயாவது ஒரு இடத்தில் ‘டக்’ வரும் என்று தோள்பட்டை தானாக இறுகிக்கொண்டு காத்திருக்கிறது, வரவே இல்லை, முதல் ஜன்னல் சுற்றி முடிந்து புள்ளி இருந்த துண்டு ‘டொக்’கென்று கீழே விழுந்தது, ஓரத்தைப் பார்த்தால் ஐந்து கோடும் வளைவோடு வளைவாகத் திரும்பி ஓடுகிறது, உப்புத்தாளே வேண்டாம் என்கிற வழவழப்பு, நான் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டேன், “வாங்க, வாங்க, வந்து இதைக் கேளுங்க” என்று மறுபடி சுவிட்சைப் போட்டு இரண்டாவது ஜன்னலை அறுத்துக் காட்டினேன், அம்மா, “சத்தமே கேக்கலையேடா” என்றாள், “அதாம்மா, அதைத்தான் சொல்றேன்!” என்று கத்தினேன், அப்புறம் விளக்கு வைத்தது தெரியவில்லை, காபி ஆறினது தெரியவில்லை, ஜன்னல் ஜன்னலாக விழுந்துகொண்டே இருந்தது, பலகை கனம் குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் கோலம் மட்டும் கையில், அசைத்தால் லேசாகத் துவள்கிறது, ஆனால் நாலு மில்லிமீட்டர்ப் பாலங்களில் ஒன்றுகூட விடவில்லை, ஒன்றுகூட! முகமூடியைக் கழற்றிவிட்டு அதைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தேன், எதிர்ச்சுவரில் கோலத்தின் நிழல் விழுந்தது, நான் அதைச் சாய்க்கச் சாய்க்க நிழலும் சுவரில் நீண்டு சுருங்கியது, மணி என்ன ஆனது என்று கேட்காதீங்க.

மரத்தூள் முகமூடியை மறக்காதீங்க, வெட்டுகிற சுகத்தில் நான் மூச்சை இழுத்து இழுத்து விடுகிற ஆள், உங்களுக்கும் அப்படித்தான் ஆகும்.

கனம் எப்படித் தேர்ந்தெடுப்பது? காதணி, கிறிஸ்துமஸ் மரத்துத் தொங்கல், வாழ்த்து அட்டை என்றால் 3 மில்லிமீட்டர், மூன்று அடுக்கு. அதில் இன்னொரு கொண்டாட்டம் உண்டு. நாலு துண்டை ஒன்றன் மேல் ஒன்றாக டேப் சுற்றி ஒரே வெட்டில் நாலு நட்சத்திரம் எடுக்கலாம். சுவர்ப் படம், கோலம், பெயர்ப் பலகைக்கு என் கை தானாகப் போவது 6 மில்லிமீட்டருக்குத்தான். தனியே நிற்க வேண்டிய பொம்மை, படப்புதிர் என்றால் 12, பிளேடும் ஐந்தாம் நம்பரோ ஏழாம் நம்பரோ. விமான வேலைக்கென்றே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் மூன்று அடுக்கு வைத்த பிர்ச் செய்கிறார்கள், ஒரு முறை கையில் பிடித்துப் பார்த்தேன், சுருட்டினால் சுருள்கிறது, விட்டால் நிமிர்கிறது, எனக்குப் பேச்சு வரவில்லை.

விமானம் என்றதும் சும்மா சொல்வதாக நினைக்காதீங்க. இரண்டாம் உலகப் போரில் டி ஹாவிலண்ட் கம்பெனியின் மாஸ்கிட்டோ விமானம், 1940 நவம்பர் 25-ஆம் தேதி முதல்முறை பறந்தது, அதன் உடம்பு பிர்ச் பிளைவுட்! நடுவில் லேசான பால்சா மரம், இரண்டு பக்கமும் பிர்ச். உடம்பை இரண்டு பாதியாக அச்சில் வளைத்துச் செய்து, உள்ளே ஒயர் எல்லாம் பொருத்திவிட்டு, பிறகு ஒன்றாக ஒட்டினார்கள். குண்டு போட்டுவிட்டு எதிரி விமானம் துரத்தத் துரத்தத் தப்பிப் பறந்தது நம் கையில் இருக்கிற இந்த வகைப் பலகை! அதற்கும் முன்னால், எஸ்டோனியாவின் தாலின் நகரத்து லூதர் தொழிற்சாலையின் மூன்றடுக்குப் பலகையை வெனெஸ்டா என்கிற பெயரில் லண்டன் வழியாக விற்றார்கள், இந்தியாவிலும் இலங்கையிலும் நம் ஆட்கள் கிள்ளின தேயிலை அந்தப் பலகையில் செய்த பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறியது. துருவப் பயணி ஷாக்கில்டன் அண்டார்டிகாவுக்குச் சாமான் கொண்டுபோனதும் அதே வகைப் பெட்டிகளில்தான். அங்கே 1908 குளிர்காலத்தில் குடிசைக்குள் அடைந்து கிடந்த ஆட்கள் அரோரா ஆஸ்ட்ராலிஸ் என்று ஒரு புத்தகத்தை அச்சடித்தார்கள். அட்டைக்கு என்ன செய்வது? காலிப் பெட்டியை அறுத்து இழைத்து அட்டையாக்கிவிட்டார்கள்! சில பிரதிகளின் அட்டை உட்பக்கத்தில் ‘வெண்ணெய்’ என்கிற பெட்டி எழுத்து இன்னும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விலை? நம் சாதாரணப் பிளைவுட்டோடு ஒப்பிட்டால் கூடத்தான். 2022-க்குப் பிறகு, ரஷ்யச் சரக்குக்கு ஐரோப்பா கதவை மூடினதிலிருந்து, பிர்ச் வியாபாரம் உலகம் முழுக்கவே ஆட்டம் கண்டிருக்கிறது. ஆனால் ஒரு துண்டில் ஒரு சாயங்காலம் பூரா சந்தோஷம் இருக்கிறது, கணக்குப் பார்த்தால் சினிமா டிக்கெட்டைவிட மலிவு! சாயம் பூசினால் அங்கங்கே திட்டுத் திட்டாகக் குடிக்கும் என்று சொல்வார்கள், உண்மைதான், சாயம் எதற்குப் பூச வேண்டும் என்று நான் கேட்கிறேன். ஊசி அரத்தால் மூலைகளை எடுத்து, 220 நம்பர் உப்புத்தாளை ஒரு தடவு தடவி, அரக்குப் பாலிஷ் இரண்டு பூச்சு கொடுங்க, வெண்ணெய் நிறம் தேன் நிறமாகும், ஓரத்துக் கோடுகள் எழுந்து நிற்கும், அதற்கு மேல் என்ன வேண்டும்?

வாங்கி வந்த துண்டுகளைச் சுவரில் சாய்த்து மட்டும் வைக்காதீங்க. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு மெல்லிய பலகை சாய்ந்த வாக்கிலேயே வளைந்து பழகிவிடும். தரையிலிருந்து உயரமாக, படுக்கை வாக்கில், பாலித்தீனில் சுற்றி, மேலே கனமாக ஏதாவது வைத்துவிடுங்க. எங்கள் வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் அவற்றுக்கு இடம், மேலே பழைய அம்மிக்கல்.

இப்போது என் தலை முழுக்க 18 மில்லிமீட்டர்தான். பதின்மூன்று அடுக்கு! மெஷின் மேசையைச் சாய்த்து வைத்து ஒரே பலகையில் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் வெட்டினால், ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி ஒட்டிக் கிண்ணமாக்கிவிடலாம், தட்டைப் பலகையிலிருந்து கிண்ணம்! அதில் பிர்ச்சின் ஓரம் இருக்கிறதே, வளையத்துக்குப் பதின்மூன்று கோடு, நாலு வளையம் ஏறினால் ஐம்பத்திரண்டு கோடு கிண்ணத்தின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு ஓடும், பார்த்தீங்களா, பார்த்தீங்களா! சாய்வு இருபது டிகிரியா, இருபத்தைந்தா என்று தாள் தாளாக வரைந்து வைத்திருக்கிறேன், பெரியவருக்குப் போன் போட்டால், “புது லாட் வந்திருக்கு சார், நீங்களே வந்து ஓரத்தைப் பார்த்து எடுத்துக்கங்க” என்கிறார், கடை பத்து மணிக்குத் திறக்கும், டார்ச் சார்ஜில் இருக்கிறது, யாராவது கூட வருகிறீர்களா?